வணிகர் ஒருவர், வங்கி மேலாளர் ஒருவர், ஊரார் இருவர்

2021 நவம்பரிலிருந்து 2022 ஏப்ரல் வரை என் நோட்டரி முத்திரை வீட்டு பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைகளுக்குக் கீழே, ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கிடந்தது. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட முத்திரை. என் பெயர், நான் பணி செய்யும் பகுதி, என்னை நியமித்த அரசின் பெயர், வட்டத்தில் நோட்டரி என்ற சொல். ஆவணத்தில் ஒருவர் என் முன்னால் கையெழுத்திட்டார் என்று சான்று சொல்லும் நோட்டரி வேலைக்காக அரசு தந்த சான்றிதழின் ஆயுள் முடிந்துவிட்டது, புதுப்பித்த உத்தரவு வரவில்லை. அந்த ஐந்து மாதமும் அதைத் தொட எனக்கு உரிமை இல்லை. அலுவலக மேசை டிராயரிலேயே வைத்திருக்கலாம்தான். ஆனால் நாள் முழுக்க ஆட்கள் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிற இடத்தில், கை எட்டும் தூரத்தில் அது இருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

கும்பகோணத்தில் வக்கீல் தொழில் செய்கிறேன். இப்போது எங்கள் கோர்ட்டில் ஏழெட்டு வருடம் முடித்த ஜூனியர் பெண்கள் வாரம் ஒருவராவது வந்து, "அக்கா, நோட்டரிக்கு எப்படி அப்ளை பண்றது?" என்று கேட்கிறார்கள். எந்தப் படிவம், எந்த அலுவலகம், எத்தனை நாளாகும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது. அதைச் சொல்லப் பத்து நிமிடம் போதும். ஆனால் விண்ணப்பித்ததும் புதுப்பித்ததும் எனக்குக் கற்றுக்கொடுத்த விஷயத்தைப் பத்து நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. எங்கள் கோர்ட்டில் "138 கேஸ்" என்றால் டீ கொண்டுவரும் பையனுக்கும் தெரியும். செக் திரும்பிய வழக்கு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு. ஆனால் 1881இல் அந்தச் சட்டம் வந்தபோது 138ஆம் பிரிவுக்கும் செக் திரும்புவதற்கும் சம்பந்தமே இல்லை. அரசு நோட்டரிகளை நியமிக்கலாம் என்று சொன்ன பிரிவு அது. உண்டியல், பரிமாற்றச் சீட்டு என்று, இன்னாருக்குப் பணம் கொடுக்கச் சொல்லி வணிகர்கள் எழுதும் தாள்கள் பணம் கொடுக்கப்படாமல் திரும்பினால், அதை ஒருவர் நேரில் காட்டிக் கேட்டு, மறுத்ததைக் குறித்து வைக்க வேண்டும். அந்த ஒருவர்தான் நோட்டரி. அதோடு, இங்கிலாந்தில் மாஸ்டர் ஆஃப் ஃபேகல்ட்டீஸ் என்ற தேவாலய அதிகாரி நியமித்த நோட்டரிகளும் நம் நாட்டில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அது சரிப்படாது என்று 1952இல் நோட்டரிகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். விதிகள் 1956இல் வந்தன. பழைய 138 நீக்கப்பட்டுக் காலியாகக் கிடந்தது. 1988இல் செய்த திருத்தத்தில்தான் அந்த எண்ணில் செக் வழக்கு குடியேறியது. இதை என் சீனியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பணத்தைப் பற்றிய ஒருவர் வாக்கை இன்னொருவர் நம்பலாமா என்ற கேள்விக்குத்தான் அந்த எண் அன்றும் இன்றும் பதில் சொல்கிறது என்பார் அவர்.

நான் என்ரோல் ஆனது 2007இல். நோட்டரி ஆக வக்கீலாகப் பத்து வருடம் தொழில் செய்திருக்க வேண்டும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழு வருடம் போதும். 2014லேயே எனக்குத் தகுதி வந்துவிட்டது. குழந்தை சின்னவள் என்று ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டு, 2016 ஜனவரியில்தான் படிவத்தை எடுத்தேன். மகாமகத்துக்கு ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருந்த நேரம். எங்கே பார்த்தாலும் சவுக்குக் கட்டை, தடுப்பு வேலி.

விண்ணப்பம் என்று நாம் சொல்வதை விதிகள் மனு என்கின்றன. எந்தப் பகுதியில் தொழில் செய்ய விருப்பம், எத்தனை வருட அனுபவம், எந்த மாதிரி வழக்குகள் நடத்துகிறோம் என்பதெல்லாம் அதில் வரும். அது சுலபம். என்னை நிறுத்தி வைத்தது கடைசிப் பகுதிதான். மனுவில் நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. மாஜிஸ்திரேட் ஒருவர், தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் மேலாளர் ஒருவர், வணிகர் ஒருவர், அந்தப் பகுதியில் முக்கியமானவர்கள் இருவர் என ஐந்து பேர் மேல்கையொப்பம் இட வேண்டும்.

சொன்னால் சொல்ல வேண்டும், அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. பார் கவுன்சில் என்னை வக்கீல் என்று ஏற்றுக்கொண்டாயிற்று, கோர்ட்டில் தினமும் நிற்கிறேன். பாத்திரக் கடைக்காரர் எதற்கு எனக்குக் கையெழுத்துப் போட வேண்டும்? எல்லோரும் செய்கிற மாதிரி, தெரிந்தவர்களிடம் அரை நாளில் வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன்.

மாஜிஸ்திரேட் கையெழுத்து ஒரு வாரத்தில் கிடைத்துவிட்டது. வணிகருக்கு அப்பாவின் சிநேகிதரைத்தான் நினைத்திருந்தேன். பெரிய தெரு பக்கம் அவருக்குப் பித்தளைப் பாத்திரக் கடை. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, அடுக்குத் தூக்கு, கல்யாணச் சீர் சாமான் எல்லாம் விற்பார். மகாமகக் கூட்டத்துக்காகச் சின்னச் சின்னச் செம்புகளைச் சாக்குச் சாக்காக இறக்கிக்கொண்டிருந்தார்கள். நீட்டியதும் போட்டுவிடுவார் என்றுதான் போனேன்.

அவர் மனுவைக் கையில் வாங்கினார். கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே நகர்த்தியபடி படிக்கத் தொடங்கினார். ஆங்கிலம் அவருக்கு மெதுவாகத்தான் வரும். கடைப் பையன் இரண்டு முறை வந்து விலை கேட்டான். இரண்டு முறையும் இடது கையைக் காட்டி இருக்கச் சொன்னார். எனக்கோ பதினொரு மணிக்கு ஒரு வாய்தா. படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா எனக்கு என்னம்மா பொறுப்பு?"

"பொறுப்புன்னு ஒண்ணும் இல்லைங்க ஐயா. என்னைத் தெரியும்னு சொல்றீங்க, அவ்வளவுதான்."

"அதுதானே பொறுப்பு. நாளைக்கு நீ ஒருத்தருக்கு சீல் வெச்சுக் கொடுக்கிற. அவன் வேற ஒருத்தன் கையெழுத்தைப் போட்டிருக்கான். ஊர்ல என்ன பேசுவாங்க? இந்தப் பொண்ணு நல்ல பொண்ணுன்னு பாத்திரக்கடைக்காரன்தானே எழுதிக் கொடுத்தான்னு பேசமாட்டாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அவர் பில் புத்தகத்துக்கு அடியிலிருந்து மைப்பேனாவை எடுத்து, முழுப் பெயரையும் இன்ஷியலோடு நிறுத்தி நிதானமாக எழுதினார். மை காயும்வரை தாளை எனக்குத் தரவில்லை.

வங்கியில் இன்னொரு அனுபவம். நான் பதினோரு வருடமாகக் கணக்கு வைத்திருந்த கிளை அது. ஆனால் பழைய மேலாளர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்த அம்மாவுக்கு அந்த ஊரில் அது ஆறாவது நாள். "மேடம், உங்களை எனக்குத் தெரியாதே, தெரியும்னு எப்படிப் போடறது?" என்றார். கோபமாகத்தான் வெளியே வந்தேன். மறுபடி பத்து நாள் கழித்துப் போனபோது, கிளையின் வழக்குகளைப் பார்க்கும் வக்கீலிடமும் பழைய ஊழியர்களிடமும் என்னைப் பற்றி விசாரித்து வைத்திருந்தார். கேட்டது கேட்டபடி சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பத்து நாள் தாமதத்துக்கு இப்போது நான் அவருக்கு நன்றி சொல்வேன். முன்பின் தெரியாத ஆளுக்கு "தெரியும்" என்று எழுத மறுத்தாரே, ஒரு நோட்டரி ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை அதுதான். அதை நான் நோட்டரி ஆவதற்கு முன்பே எனக்குச் செய்து காட்டியவர் அவர்.

ஊரார் இருவர்: எங்கள் பள்ளியில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், எங்கள் தெரு டாக்டர் ஒருவர். ஆசிரியை முகவரியில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து அந்தப் பக்கத்தை மறுபடி டைப் அடிக்க வைத்தார்.

மனு மேலே போன பிறகு நம் கையில் ஒன்றுமில்லை. அதிகாரி வேண்டுமென்றால் உள்ளூர் பார் அசோசியேஷனிடம் கருத்துக் கேட்கலாம். விண்ணப்பித்தவர் அந்தப் பகுதியில்தான் வசிக்கிறாரா, அந்த ஊரின் வணிக முக்கியத்துவத்துக்கும் ஏற்கெனவே உள்ள நோட்டரிகளின் எண்ணிக்கைக்கும் இன்னொருவர் தேவையா, இவருடைய தொழில் எவ்வளவு, வணிகச் சட்டம் தெரியுமா என்பதையெல்லாம் பார்த்துத்தான் பரிந்துரை செய்வார்கள். மாநிலத்துக்கு இத்தனை பேர்தான் என்று விதிகளின் அட்டவணையில் ஓர் உச்சவரம்பும் உண்டு. நமக்குத் தகுதி இருந்தால் மட்டும் போதாது, ஊருக்குத் தேவையும் இருக்க வேண்டும். மகாமகம் முடிந்து, கோடை முடிந்து, ஆடிப்பெருக்கும் போய், நவம்பரில்தான் சான்றிதழ் வந்தது. ஐந்து வருடத்துக்கு. முன்பெல்லாம் மூன்று வருடம்தான், 1999 திருத்தத்தில் ஐந்தாக்கினார்கள்.

சான்றிதழோடு வேலை தொடங்கியதும் முதலில் வாங்கியது ரிஜிஸ்டர். எத்தனை பக்கம் என்று முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே அதில் எழுத ஆரம்பிக்க வேண்டும். வரிசை எண், தேதி, என்ன காரியம், யார், எந்த ஊர், ஆவணத்தில் என்ன இருக்கிறது, ஒட்டிய ஸ்டாம்ப், வாங்கிய கட்டணம், வந்தவரின் கையெழுத்து. கட்டண விகிதத்தை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்ற விதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நான் பலகை எழுதி மாட்டினேன்.

அந்த ரிஜிஸ்டரின் முப்பத்தேழாவது பக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

வேலை தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மதியம் மூன்றரை மணி. கூடப் பழகும் வக்கீல் ஒருவர் அஃபிடவிட்டோடு அவசரமாக வந்தார். ரேஷன் கார்டில் பெயர்த் திருத்தம். "கட்சிக்காரர் பஸ்ல வந்துக்கிட்டு இருக்கார் மேடம், நாலு மணிக்குள்ள தாலுகா ஆபீஸ்ல கொடுக்கணும், வந்ததும் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுடுவார்" என்றார். அஃபிடவிட்டில் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. சின்ன விஷயம், தெரிந்தவர் கேட்கிறார், யாருக்கும் நஷ்டம் இல்லை. முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டேன். ரிஜிஸ்டரில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். கடைசிக் கட்டத்தை அவர் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அவர் வரவில்லை. அன்று மட்டுமல்ல, அப்புறமும் வரவில்லை. நான் இரண்டு முறை நினைவூட்டினேன், பிறகு கேட்கவே கூச்சமாகிவிட்டது. முப்பத்தேழாவது பக்கத்தில் நான்காவது வரியில் ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக நின்றது. "என் முன்னிலையில் சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்திட்டார்" என்று என் முத்திரைக்கு மேல் இருந்த வாசகம் பொய். எழுதியது நான்தான்.

அந்தப் பெயர்த் திருத்தத்தால் ஒரு தகராறும் வரவில்லை. ஆனால் ரிஜிஸ்டரைத் திறக்கும் போதெல்லாம் கை தானாக அந்தப் பக்கத்தைத் தாண்டும். மாவட்ட நீதிபதியோ அரசு நியமிக்கும் அதிகாரியோ வருடத்துக்கு இரண்டு முறைக்கு மிகாமல் ரிஜிஸ்டரைப் பார்வையிடலாம். அப்படி ஒரு முறை பார்வையிட்டபோது, பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவரின் விரல் சரியாக அந்தக் கட்டத்தில் நின்றது. "இது என்னம்மா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தொழில்முறைத் தவறு என்று புகாராக ஆக்கியிருந்தால் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்குகிற வரைக்கும் போகலாம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த இடத்தை நிரப்பிடாதீங்க. பக்கத்துல நடந்ததை எழுதி இன்னைய தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன். அது இன்றும் அங்கே இருக்கிறது.

அதற்குப் பிறகு ஆள் நேரில் வராமல் நான் முத்திரை வைத்ததில்லை. இதனால் இழந்த கட்சிக்காரர்கள் உண்டு, முகம் திருப்பிக்கொண்ட நண்பர்களும் உண்டு. ஒரு நாள் ஒருவர் பவர் பத்திரத்தோடு வந்தார். அப்பா கொடுக்கிற பவர். அப்பா எங்கே என்றால், கீழே ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறார், பக்கவாதம், மாடி ஏற முடியாது, கைநாட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்றார். நான் ரிஜிஸ்டரையும் மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மகனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன்.

பெரியவர் ஆட்டோவின் பின்சீட்டில் ஒரு தலையணையில் சாய்ந்திருந்தார். பத்திரத்தைத் தமிழில் மெதுவாகச் சொன்னேன். எந்தச் சொத்து, மகனுக்கு என்னென்ன அதிகாரம், விற்கலாமா கூடாதா. ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். ஓர் இடத்தில் மட்டும் கையைத் தூக்கி நிறுத்தினார். "விக்கக்கூடாது. வாடகை வாங்கட்டும், கேஸ் நடத்தட்டும். விக்கக்கூடாது." பத்திரத்தில் விற்கும் அதிகாரமும் இருந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த பழைய மாதிரியை அப்படியே அடித்திருக்கிறார்கள். மகனுக்கே அது தெரியவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அந்த வரியை எடுத்துவிட்டுப் புதிதாக அடித்துக்கொண்டு வரச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆட்டோ வெயிட்டிங்.

புதிய பத்திரம் வந்ததும் மை டப்பாவைத் திறந்தேன். பெரியவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பேனாவைக் கேட்டார். அவர் வலது கை வேலை செய்யவில்லை. இடது கையில் பேனாவைப் பிடித்து, ரிஜிஸ்டரை அவர் மடியில் நான் பிடித்துக்கொள்ள, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். நாலு எழுத்துப் பெயர்தான். தெருவில் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். எழுதி முடித்து, கடைசி எழுத்தின் மேல் வைக்க வேண்டிய புள்ளியைத் தேடி வைத்தார். ஒரு பவர் பத்திரம் நோட்டரி முன் எழுதிக் கொடுக்கப்பட்டு அவரால் சான்றுறுதி செய்யப்பட்டிருந்தால், அது முறைப்படி கொடுக்கப்பட்டது என்றே கோர்ட் அனுமானிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 85ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 84. அந்த அனுமானத்துக்குப் பின்னால் ஆட்டோவில் உட்கார்ந்து இப்படி ஒருவர் புள்ளி வைத்திருக்க வேண்டும். வைத்தாரா என்று பார்த்தது நோட்டரி ஒருவர்தான்.

கல்யாண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு ஜோடியாவது முத்திரைத்தாளோடு வந்து, "எங்களுக்கு நோட்டரி கல்யாணம் பண்ணி வைங்க" என்று கேட்கிறது. அதே மாதிரி, பிரிந்துவிட்டோம் என்று எழுதி முத்திரை வைத்தால் விவாகரத்து ஆகிவிட்டது என்று நம்பி வருகிறவர்களும் உண்டு. இரண்டும் நோட்டரியால் ஆகாது. நோட்டரிகள் திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ போடக் கூடாது என்று மத்தியச் சட்ட விவகாரத் துறை 2024இல் திரும்பவும் அறிவுறுத்தியது. நோட்டரி பத்திரத்தை நம்பி இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு, பிறகு கையில் குழந்தையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற பெண்களை எனக்குத் தெரியும். யாரோ ஒருவர் அந்தத் தாளுக்கு முத்திரை வைத்திருக்கிறார். இதில் என்னால் நிதானமாகப் பேச முடியாது.

இப்போது புதுப்பித்தலுக்கு வருகிறேன். சான்றிதழ் முடிகிற நாளுக்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு நவம்பர் என்றால் மே. 2021 மே மாதம் எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது அலை. 10ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. அம்மாவுக்கு ஆக்ஸிஜன் அளவு இறங்கி, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. அம்மா திரும்பி வந்தார். நான் சான்றிதழை மறந்தேன். ஞாபகம் வந்தது ஆகஸ்டில். அப்போதும், உச்சநீதிமன்றமே காலக்கெடுவையெல்லாம் நீட்டியிருக்கிறதே என்று ஒரு நண்பர் சொன்னதை நம்பி இரண்டு வாரம் சும்மா இருந்தேன். அந்த உத்தரவு வழக்குகளுக்கும் மேல்முறையீடுகளுக்குமானது, என் சான்றிதழுக்கானது இல்லை என்பதை நானே உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். செப்டம்பரில் தாமதத்துக்கான காரணத்தை எழுதி, ஆஸ்பத்திரிக் காகிதங்களை இணைத்து விண்ணப்பித்தேன். நவம்பர் வந்தது. உத்தரவு வரவில்லை.

நடைமுறையில் உள்ள சான்றிதழ் இல்லாமல் நோட்டரியாக ஒரு காரியமும் செய்யக் கூடாது. சட்டத்தின் 9ஆம் பிரிவு அதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது. "விண்ணப்பம்தான் போட்டாச்சே, பழைய தேதியிலிருந்து புதுப்பிப்பாங்க, நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க" என்று சொன்னவர்கள் நிறைய. முப்பத்தேழாவது பக்கத்துக்குப் பிறகு எனக்கு அந்தத் தைரியம் இல்லை. முத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு ஜனவரியிலும் அரசு நடைமுறையில் உள்ள நோட்டரிகளின் பட்டியலை அரசிதழில் வெளியிட வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2022 புத்தாண்டன்று நான் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

அதற்கு முந்தைய மாதம், 2021 டிசம்பரில்தான் மத்திய அரசு ஒரு திருத்த மசோதாவின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. ஒருவர் மொத்தம் பதினைந்து வருடம்தான் நோட்டரியாக இருக்கலாம், முதலில் ஐந்து, பிறகு இரண்டு புதுப்பித்தல், அதோடு சரி; இளைய வக்கீல்களுக்கும் வாய்ப்பு வேண்டும் என்பது அதன் சாரம். பார் ரூமில் பெரிய வாக்குவாதம். முப்பது வருட நோட்டரிகள் கொதித்தார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. முத்திரையே கையில் இல்லாத நேரத்தில் சொன்னதால் யாரும் காதில் வாங்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் பாத்திரக் கடை ஐயா படியேறி வந்தார். கடை வாடகை விஷயமாக ஓர் அஃபிடவிட். தாளை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, எனக்கு இன்னும் ரின்யூவல் வரலை. இப்ப நான் போடக் கூடாது."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "எனக்குக்கூடவாம்மா?"

"உங்களுக்குக்கூடத்தான் ஐயா."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி. அடுத்த தெருவுல ஒருத்தர் இருக்காருல்ல, அவர்கிட்ட போறேன். வந்ததும் சொல்லு" என்று இறங்கிப் போனார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என்னால் திரும்ப உட்கார முடியவில்லை.

ஏப்ரலில் உத்தரவு வந்தது. அதற்கு நான் அனுப்பியிருந்தவை: மூலச் சான்றிதழ், கட்டணம், என் மீது வழக்கோ ஒழுங்கு நடவடிக்கையோ இல்லை என்று ஒரு பிரமாணப் பத்திரம், ஐந்து வருடத்துக்கான ஆண்டறிக்கைகளின் நகல். ஜனவரி முதல் வாரத்தில் போன வருடம் செய்த நோட்டரி காரியங்களின் கணக்கை அரசுக்கு அனுப்பிவிட வேண்டும். நான் அதில் மட்டும் தவறவில்லை, அதுதான் என்னைக் காப்பாற்றியது. அந்தக் கணக்குகளை ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்க்க மூன்று இரவு உட்கார்ந்தேன். முப்பத்தேழாவது பக்கம் வந்தது. ஆட்டோப் பெரியவரின் புள்ளி வந்தது. முதல் முறை ஐந்து பேரிடம் கையெழுத்துக்கு அலைந்தேனே, இந்த முறை அப்படி யாரிடமும் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஐயாவுக்கு போன் செய்தேன். "நல்லதும்மா" என்றார். அப்புறம், "இந்தத் தடவை யாரு கையெழுத்துப் போட்டாங்க?" என்று கேட்டார்.

"யாரும் போடலைங்க ஐயா. ரிஜிஸ்டர் கணக்கைத்தான் கேட்டாங்க."

"எழுதி வெச்சிருக்கியா எல்லாம்?"

"வெச்சிருக்கேன். தப்புப் பண்ணினதையும் சேர்த்து."

இப்போது மத்திய அரசு நியமிக்கும் நோட்டரிகளுக்கு 2024 செப்டம்பரிலிருந்து தனி இணையதளம் இருக்கிறது. விண்ணப்பம், புதுப்பித்தல், ஆண்டறிக்கை எல்லாம் அதிலேயே. 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நியமிக்கக்கூடிய நோட்டரிகளின் உச்சவரம்பை 2,500இலிருந்து 3,500 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். ஜூனியர்கள் என்னைத் தேடி வருவது அதனால்தான். வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது காலண்டர் விஷயம்: சான்றிதழ் கைக்கு வந்த அன்றே, முடிகிற தேதிக்கு ஏழு மாதம் முன்னால் போனில் ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள், வீட்டில் இன்னொருவர் போனிலும் போடுங்கள். ரிஜிஸ்டரை அன்றன்று முடியுங்கள். டைப் அடிக்கும் இடத்தில் உங்கள் முத்திரையைக் கொடுத்து வைக்காதீர்கள்.

போன வாரம் என் ஜூனியர் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். வணிகர் என்ற இடத்தில் யாரைக் கேட்பது என்றாள். அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பெரிய தெருவுக்குப் போனேன். கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார், ஐயா கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இவளை அவருக்கு ஐந்து வருடமாகத் தெரியும், கடைக் கேஸுக்கு வாய்தா வாங்கியவளே இவள்தான். அவள் மனுவை நீட்டினாள். கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தைத் திருப்பியே கொடுத்தாள்.

அவர் அதை முதல் பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டு, வேட்டி நுனியைத் தேடினார். அவள் என்னைப் பார்த்து, நேரமாகிறது என்று கண்ணால் சொன்னாள். நான் ஒரு ஸ்டூலை இழுத்து அவளுக்குப் போட்டேன்.